தானியநேசன் என்னும் மூக்குவண்டு

கமக்காரர்களே!

கொழும்பு 13 இல், கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள ஜிந்துப்பிட்டியில், ஒரு வீட்டின் அடுக்களையை மனத்தில் எண்ணிப் பாருங்கள். சென்ற வாரம் கடையில் வாங்கிய அரிசியை இல்லத்தரசி சுளகிற் கொட்டுகிறார். அரிசி மணிகளுக்கிடையே கருமையான சிறு வண்டுகள் ஊர்கின்றன. அவர் கடைக்காரரைக் குறை கூறுகிறார். கடைக்காரர் ஆலைக்காரரைக் குறை கூறுகிறார். ஆலைக்காரரோ நெல்லுக் கொண்டுவந்த கமக்காரரைக் கேட்கும்படி சொல்கிறார். ஈற்றில் அப்பழி, குறைந்த விலை என்னும் வடிவில், உங்கள் வாசலில் வந்து நிற்கிறது.

இப்பழி நியாயமானதா? சில வேளைகளில் நியாயமானது. சில வேளைகளில் அன்று. எது எவ்வாறு என்பதை அறிய வேண்டுமாயின் அவ்வண்டின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். அதற்கு அதன் பெயரே நல்ல தொடக்கமாகும்.

பெயரும் பொருளும்

நாம் அரிசி வண்டு, மூக்குவண்டு, கூன்வண்டு என்றெல்லாம் கூறும் இப்பூச்சியை அறிவியலார் "சிற்றோபிலசு ஒரிசே" என அழைப்பர். இவற்றுள் முதற் சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் அப்பேரினத்துள் அடங்கிய தனி இனத்தைக் குறிக்கும். எம்மிடையே தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வருவதைப் போன்றது இது.

சிற்றோபிலசு என்பது இரண்டு கிரேக்கச் சொற்களாலானது. "சிற்றோசு" என்றால் தானியம். "பிலோசு" என்றால் நேசிப்பவன். ஆகவே இப்பேரினத்தின் பெயர் "தானியநேசன்" என்பதாகும். களஞ்சியத்தைக் கொள்ளையிடும் பகைவனுக்கு இத்துணை அன்பான பெயரா என்று நீங்கள் வியக்கலாம். நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சிக்கு இட்ட பெயர் இதனிலும் கடுமையானது. அதன் பேரினப் பெயரான "சிற்றோற்றுரோகா" என்பதற்குத் தானியத்தைக் கறிப்பது என்பது பொருள். ஒன்று நேசிக்கிறது, மற்றொன்று கறிக்கிறது. கமக்காரனுக்கு இரண்டினாலும் நட்டம் ஒன்றே.

இவ்வண்டை முதன்முதலில் முறையாகப் பெயரிட்டு எழுதியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு ஆவார். 1763 ஆம் ஆண்டில் அவர் இதனை மூக்குவண்டுகள் அனைத்துக்கும் பொதுவாயிருந்த பேரினத்தில் சேர்த்தார். பின்னர் 1838 இல் அதே நாட்டவரான ஷேன்ஹெர் தானிய வண்டுகளைத் தனியே பிரித்துச் சிற்றோபிலசு என்னும் பெயரை வழங்கினார். இவர் பட்டுத் தொழிலில் ஈடுபட்டிருந்து, பின்னர் தம் வாழ்நாளை மூக்குவண்டுகளை வகைப்படுத்துவதிற் செலவிட்டவர்.

"ஒரிசே" என்னும் இரண்டாம் பெயருக்கு "நெல்லினது" என்பது பொருள். நெற்பயிரின் அறிவியற் பெயரும் இச்சொல்லையே முதலாகக் கொண்டது. கிரேக்கர் அரிசியை "ஒரிசா" என்றனர். இச்சொல் தமிழின் "அரிசி" என்பதிலிருந்து சென்றது எனக் கால்டுவெல் முதலானோர் கருதினர். வடமொழியின் "விரீகி" என்பதோடும் ஈரானிய மொழிகளோடும் தொடர்புபடுத்துவோரும் உளர். எதுவாயினும், அரிசிக்கும் இவ்வண்டுக்கும் உள்ள நெருக்கம் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பெயரை நம்பி ஏமாறற்க

ஆயினும், பெயரை அப்படியே நம்பினால் இழப்பு நேரும். அரிசி வண்டு என்பதால் அது அரிசியை மட்டுமே உண்ணும் என்று எண்ணி, சோளத்தையும் இறுங்கையும் அதே அறையில் அடுக்கி வைப்பவர் பலர். இவ்வண்டு அவற்றையும், கோதுமையையும் ஒருங்கே உண்டு பெருகும்.

இதற்கு நெருங்கிய உறவான மற்றோர் இனத்துக்குச் "சிற்றோபிலசு சீமேசு", அதாவது சோளத்து வண்டு, என்று 1855 இல் மொற்சூல்சுக்கி பெயரிட்டார். அதுவோ சோளத்தோடு அரிசியையும் தாக்கும். இவ்விரண்டையும் கண்ணாற் கண்டு பிரித்தறிதல் அரிது. உடலின் உட்பகுதியைச் சோதித்தே உறுதி செய்வர். நெடுங்காலம் நிலவிய இக்குழப்பத்தைக் குசெல் என்பார் 1961 இல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாக்கிற்று.

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. யப்பானின் தானெகாசிமா தீவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மட்பாண்டங்களில் இந்தச் சோளத்து வண்டின் பதிவுகள் கண்டறியப்பட்டதாக 2011 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அக்காலத்தில் அங்கே சோளமும் இல்லை, நெற்செய்கையும் இல்லை. மக்கள் காட்டு மரங்களின் கொட்டைகளைச் சேர்த்து வைத்தனர். வண்டு அவற்றில் வாழ்ந்தது. இன்றும் இப்பேரினத்தைச் சேர்ந்த ஓரினம் புளியங்கொட்டையைத் துளைத்து வாழ்கிறது. ஆதலின் இவ்வண்டு நேசிப்பது நெல்லையோ சோளத்தையோ அன்று. உலர்ந்த வித்தைச் சேமித்து வைக்கும் மனிதனின் பழக்கத்தையே அது நேசிக்கிறது எனலாம். நீங்கள் சேமிக்கும் இடமெல்லாம் அது வரும்.

அடையாளம் காணுதல்

வளர்ந்த வண்டு 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை நீளமுடையது. செங்கபிலம் முதல் கருமை வரையான நிறமுடையது. இறக்கையுறைகளின் மேல் மங்கிய செம்மஞ்சட் புள்ளிகள் நான்கு காணப்படும். தலையின் முன்னே மெல்லிய மூக்கு நீண்டு வளைந்திருக்கும். வாய் அதன் நுனியில் உள்ளது. கையிற் பட்டதும் கால்களை ஒடுக்கிச் செத்தது போலக் கிடக்கும். சற்று நேரத்தில் எழுந்து நடக்கும். இவ்வண்டு பறக்கவும் வல்லது. ஒரு களஞ்சியத்திலிருந்து அயற் களஞ்சியத்துக்குச் செல்ல அதற்கு எவர் துணையும் வேண்டியதில்லை.

பயறு, கௌபி, கடலை ஆகியவற்றைத் துளைக்கும் பயற்றம் வண்டு இதுவன்று. அதற்கு நீண்ட மூக்கு இல்லை. மரக்கறிச் செய்கையாளர் வற்றாளைக் கிழங்கிற் காணும் மூக்குவண்டும் வேறு. எறும்பை ஒத்த தோற்றமுடைய அவ்வண்டுக்கு, தமிழகத்தின் தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1798 இல் பபிரீசியசு என்பார் "எறும்பு போன்றது" எனப் பொருள்படும் பெயரை இட்டார். அது கிழங்கை விட்டு அரிசிக்கு வராது. அரிசி வண்டும் பச்சை மரக்கறிக்குச் செல்லாது. எனினும், மரக்கறி கட்டிய சாக்கிலேயே சோளத்தையும் நெல்லையும் மாறி மாறிக் கட்டுவோர், சாக்கின் மடிப்புகளில் அரிசி வண்டைச் சுமந்து திரிகின்றனர் என்பதை மறக்கலாகாது.

மணிக்குள் மறைந்த வாழ்க்கை

இவ்வண்டை ஒழிப்பது ஏன் கடினம் என்பதை இப்போது காண்போம். பெண் வண்டு தன் மூக்கு நுனியால் தானிய மணியிற் சிறு குழி தோண்டுகிறது. அதனுள் ஒரு முட்டையை இடுகிறது. பின்னர் பசை போன்ற ஒரு பொருளால் அக்குழியை அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மணி பழுதற்றதாகவே தோன்றும். இவ்வாறு ஒரு பெண் தன் வாழ்நாளிற் சில நூறு முட்டைகள் வரை இடக்கூடும்.

சில நாட்களில் முட்டை பொரித்துக் காலில்லாத வெண்புழு வெளிவருகிறது. அது மணியின் உள்ளீட்டை உண்டு வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, மணியைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. தவிடு நீங்கிய வெள்ளரிசியிற் சத்துக் குறைவாயினும் அதற்குக் கவலையில்லை. அதன் உடலுள்ளே வாழும் ஒரு நுண்ணுயிர் குறைபட்ட சத்துகளை ஆக்கிக் கொடுக்கிறது. முட்டை முதல் வண்டு வரை எம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய 5 வாரங்கள் செல்லும். வெப்பமும் ஈரமும் நன்கு வாய்த்தால் ஒரு மாதத்துக்கும் குறைவாகவே செல்லும். வளர்ந்த வண்டு பல மாதம் உயிர் வாழும்.

ஒரு பெண் இட்ட முட்டைகளில் 80 மட்டுமே பிழைத்து, அவற்றிற் பாதி பெண்கள் எனக் கொள்வோம். அந்த 40 பெண்களும் அவ்வாறே பெருகினால் அடுத்த தலைமுறையில் 3,200 வண்டுகள் உண்டாகும். இவ்வளவும் நிகழ ஏறக்குறைய 3 மாதம் போதும். மாசியில் அறுவடை செய்து கட்டிய மூடையிற் புகுந்த ஒற்றை வண்டு, வைகாசியில் அதை என்ன நிலைக்குக் கொண்டுவரும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

இனி ஜிந்துப்பிட்டி வீட்டுக்குத் திரும்புவோம். அரிசி வாங்கி ஒரு வாரமே ஆயிற்று. இன்று மணியைத் துளைத்து வெளிவந்த வண்டு ஒரு மாதத்துக்கு முன் முட்டையாயிருந்தது. ஆகவே அம்முட்டை இடப்பட்ட இடம் அவ்வீட்டு அடுக்களை அன்று. அரிசி ஆலையிலிருந்து கடைக்கு வந்து இரண்டு மாதமாயின், முட்டை கடையிலே இடப்பட்டிருத்தல் வேண்டும். நெல் சென்ற கிழமைதான் குற்றப்பட்டதாயின், அதற்கு முன்னே நெல் இருந்த களஞ்சியத்தை நாம் ஆராய வேண்டும். நாட்களை எண்ணினால் பழி யாருடையது என்பது விளங்கும். உங்கள் களஞ்சியம் தூய்மையாயின் நீங்கள் துணிந்து மறுமொழி கூறலாம்.

உமியே முதற் காவல்

இயற்கை நெல்லுக்கு ஒரு கவசம் அளித்திருக்கிறது; அது உமி. உமியின் இரு பகுதிகளும் நன்றாகப் பொருந்திய நெல்மணியுள் அரிசி வண்டு முட்டையிடுதல் மிகக் கடினம். உமி வெடித்த மணியும், சூட்டின்போது உடைந்த மணியும், உமி நீங்கிய அரிசியுமே அதற்கு எளிதில் அகப்படுவன. இதனாலேயே எம் முன்னோர் நெல்லாகவே சேமித்து, வேண்டியபோது வேண்டிய அளவைக் குற்றி எடுத்தனர். அவ்வழக்கம் அறிவுடையது.

ஆனால் அந்துப்பூச்சியின் இளம் புழு முழு நெல்லையும் துளைத்துப் புகக்கூடியது. ஆதலின் உமியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. மேலும், அவித்த நெல்லின் உமி வாய்திறந்து விடுமாதலால் புழுங்கல் நெல்லைக் காயவைத்ததும் தாமதியாது குற்றுவித்தல் நன்று.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. உரிய பருவத்தில் அறுவடை செய்க. முற்றிக் காய்ந்து வயலிலே நின்ற நெல் எளிதில் வெடிக்கும். அறுவடை இயந்திரத்தைக் கொண்டு வெட்டுவோர், மணிகள் உடையாதபடி அதன் வேகத்தைச் சரிசெய்யுமாறு இயக்குபவரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

2. நன்றாக உலர்த்துக. இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. நெல்லைத் தெருவோரத்திற் பரப்பாது, படங்கின் மேல் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலத் தடிப்பிற் பரப்பி, அரை மணிக்கு ஒரு முறை கிளறிவிடுக. சேமித்து வைக்கும் நெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது. ஈரம் குறையக் குறைய வண்டின் பெருக்கமும் குறையும். 9 சதவீதமளவில் அது பெருக மாட்டாது.

உலர்த்தினால் நிறை குறையுமே என்று கவலைப்படுவோர் உண்டு. அது உண்மைதான். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 13 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறக்குறைய 92 கிலோ எஞ்சும். ஆனால் இழந்த 8 கிலோவும் நீரே. வண்டும் பூஞ்சணமும் தின்னும் நிறையோ உங்கள் நெல்லின் நிறை. நெல் சந்தைப்படுத்தும் சபையும் நெல்லை வாங்கும்போது அதன் ஈரத்தைக் கருத்திற் கொள்ளும் என்பதையும் நினைவிற் கொள்க.

3. ஈரத்தைச் சோதித்தறிக. ஈரமானி இல்லாதோர் இவ்வெளிய முறையைக் கையாளலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலொன்றில் கால்பங்கு உலர்ந்த உப்புத்தூளை இட்டு, அதனோடு ஒரு கைப்பிடி நெல்லையும் இட்டு மூடிச் சில நிமிடம் குலுக்குக. பின்னர் போத்தலைச் சற்று நேரம் அசையாது வைத்துப் பார்க்குக. உப்புப் போத்தலின் பக்கங்களில் ஒட்டினால் நெல்லில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் உண்டு. இன்னும் உலர்த்தல் வேண்டும். ஒட்டாவிடினும், மேலும் ஒரு நாள் வெயிலிற் காயவிட்டு, மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்துப் பார்க்குக. நன்குலர்ந்த மணி கடினமாயிருந்து ஓசையுடன் உடையும்.

4. ஆறவிட்டுக் கட்டுக. வெயிற் சூட்டோடு மூடையிற் கட்டிய நெல் வேர்த்து, மீண்டும் ஈரமாகும்.

5. பழையதையும் புதியதையும் கலவாதீர். புதிய நெல்லை உள்ளே கொண்டுவருமுன் கொம்பறையையும் களஞ்சியத்தையும் முற்றாக வெறுமையாக்கிக் கூட்டித் துப்புரவு செய்க. சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்குக. மூலைகளிற் சிந்திய நெல்லையும் தூசியையும் வெளியே எடுத்து எரித்துவிடுக. கோழிக்கென ஒதுக்கிய பழைய சோளச் சாக்கொன்று மூலையிற் கிடந்தாலே போதும். ஆண்டு முழுவதும் வண்டு அங்கிருந்து பரவும்.

6. சாக்குகளைத் தூய்மை செய்க. பழைய சாக்குகளை உட்புறம் வெளியாகத் திருப்பி உதறி, கொதிநீரில் அமிழ்த்தி, நல்ல வெயிலில் உலர்த்துக.

7. நிலத்தில் அடுக்காதீர். மரத்தட்டுகளின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மூடைகளை அடுக்குக. முதலில் வந்த மூடை முதலில் வெளியே செல்லுமாறு ஒழுங்கு செய்க.

8. இருவாரத்துக்கு ஒருமுறை சோதிக்குக. மூடையுள் கையை நுழைத்துப் பார்க்குக. சூடு தோன்றினால் உள்ளே பூச்சியோ ஈரமோ உண்டு. மூடையின் அடியில் மாத்தூள் சிந்தியிருத்தலும் ஓர் அறிகுறி. ஒரு கைப்பிடித் தானியத்தை நீரில் இட்டால், உள்ளீடு தின்னப்பட்டவை மிதக்கும். நெல்லாயின் பதரும் மிதக்குமாதலால், மிதந்தவற்றை எடுத்துத் துளை உண்டோ என்று நோக்குக.

9. விதைநெல்லைத் தனியே காக்குக. நன்குலர்ந்த விதைநெல்லைக் காற்றுப் புகாத உறைகளில் அல்லது இறுக மூடும் கொள்கலங்களில் நிரப்பி அடைத்தால், உள்ளிருக்கும் பூச்சிகள் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தித் தீர்த்துத் தாமே மடியும். ஈர நெல்லை இவ்வாறு அடைத்தால் முளைதிறன் கெடும். ஆகவே உலர்த்தலின்றி இதைச் செய்யற்க.

உலர்ந்த வேப்பிலையை மூடைகளிடையே இடும் பழைய வழக்கம் வண்டின் வரவைச் சற்றுக் குறைக்கும். ஆயினும் அது உலர்த்தலுக்கும் துப்புரவுக்கும் ஈடாகாது. வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியை நெல்லிலோ அரிசியிலோ தூவுதல் எக்காலத்தும் கூடாது. அது உண்பவரைக் கொல்லும்.

நச்சுப்புகை: ஓர் எச்சரிக்கை

பெருங் களஞ்சியங்களில் அலுமினியம் பொசுபைட்டு என்னும் குளிகைகளைக் கொண்டு புகையூட்டுவர். இக்குளிகை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொசுபீன் என்னும் வாயுவை வெளிவிடும். அவ்வாயு மணிக்குள் மறைந்துள்ள புழுவையும் கொல்லும். மனிதனையும் அவ்வாறே கொல்லும்.

ஜிந்துப்பிட்டி போன்ற இடங்களில் கடை கீழும் குடும்பம் மேலுமாக, சுவரோடு சுவர் ஒட்டி மக்கள் வாழ்கின்றனர். கிராமத்திலும் படுக்கையறையின் மூலையிலே நெல் மூடைகளை அடுக்கி வைப்போர் பலர். இத்தகைய இடங்களில் ஒரு குளிகையை மூடையுள் வைத்தாலும், வாயு கதவிடுக்கு வழியாகவும் பலகை வெடிப்பு வழியாகவும் உறங்கும் குழந்தைகளை அடையும். துணியால் முகத்தைக் கட்டுதல் இதற்குக் காவலாகாது. மணம் தோன்றவில்லை என்பதால் வாயு இல்லை என்று எண்ணுதலும் தவறு. இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை.

ஆதலின், மக்கள் வாழும் கட்டடத்தில் இக்குளிகையைப் பயன்படுத்தவே கூடாது. தனியான களஞ்சியத்திலும், பயிற்சி பெற்றவரைக் கொண்டே புகையூட்டுவித்தல் வேண்டும். எவருக்கேனும் இக்குளிகை வைத்த இடத்திலிருந்து வந்தபின் தலைவலி, வாந்தி, மார்பு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியன தோன்றினால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுசென்று, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, வைத்தியசாலைக்கு அனுப்புக. ஒரு மூடை அரிசி ஓர் உயிருக்கு ஈடாகாது.

வீட்டில் அரிசியைக் காத்தல்

வீட்டில் வண்டு கண்ட அரிசியைச் சுளகிற் புடைத்து, இளவெயிலிற் சிறிது நேரம் பரப்பினால் ஊரும் வண்டுகள் ஓடிவிடும். ஆனால் மணிக்குள் உள்ள புழுக்கள் எஞ்சியிருக்கும். இரு வாரத்திற் புதிய வண்டுகள் தோன்றுவது இதனாலேயே. உறைகுளிர்ப்பெட்டி உள்ளோர் சிறு பொதிகளாக அதனுள் ஒரு வாரம் வைத்தெடுத்தால் புழுவும் முட்டையும் மடியும். இல்லாதோர் இரண்டு வாரத்துக்கு வேண்டிய அரிசியை மட்டும் வாங்கி, இறுக மூடும் பாத்திரத்திலிட்டு, பழைய அரிசி தீர்ந்து பாத்திரத்தைக் கழுவி உலர்த்திய பின்னரே புதியதைக் கொட்டுதல் நன்று. புளியங்கொட்டை, சோளம் முதலியவற்றையும் திறந்த பெட்டியில் அரிசிக்கு அயலே வைத்தல் ஆகாது.

முடிவுரை

தானியநேசன் என்று அவ்வண்டுக்கு அறிஞர் பெயரிட்டனர். தானியத்தை அதனினும் மிகுதியாக நேசிப்பவர் அதை விளைவித்தவரே. உலர்ந்த நெல், தூய களஞ்சியம், இருவாரத்துக்கு ஒரு சோதனை என்னும் மூன்றையும் கைக்கொண்டால், உங்கள் நெல் ஜிந்துப்பிட்டி வீட்டுச் சுளகில் அரிசியாக விழும்போது வண்டின்றி விழும்; விலையைக் குறைக்க எவரும் காரணம் தேட முடியாது.

மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். அல்லது 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தில் வினவலாம். நெல்லைச் சேமிக்கும் கருவிகள் பற்றி அநுராதபுரத்திலுள்ள அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவனத்திலும் கேட்டறியலாம். அடுத்த அறுவடைக்கு முன் களஞ்சியத்தைத் துப்புரவு செய்யும் வேலையை இன்றே தொடங்குங்கள்.